வாசகர் கேள்வி – பதில்: லாரியின் முள் எங்கே ஏறுகிறது?

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே எஞ்சின் சூடு பற்றிய கடிதங்கள் இம்முறை குவிந்துவிட்டன. அவற்றுள் நான்கிற்கு இங்கே விடை தருகிறோம். முதல் கடிதம் மற்றவர்கள் பலருடைய ஐயங்களையும் உள்ளடக்கியிருப்பதால் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் பி.எஸ். 6 வகைப் பத்துச் சக்கர லாரி ஒன்று உள்ளது. நான்கு ஆண்டுகளாக மாதவரத்திலிருந்து ஓசூருக்கு லோடு ஏற்றிச் செல்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் சூடு டேஷ்போர்டில் எண்ணாகவே தெரியும். சமதளத்தில் 84 டிகிரியைத் தாண்டியதில்லை. சூளகிரி ஏற்றத்தில் 90ஐத் தொட்டுத் திரும்பும். இரண்டு மாதங்களாக ஆம்பூர்ப் பக்கம் சமதளத்திலேயே 89 காட்டுகிறது. சூளகிரியில் 98 வரை போகிறது. மதுரவாயல் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் பழையபடி 83தான். எச்சரிக்கை விளக்கு எரிந்ததில்லை. மாதம் ஒரு லிட்டர் கூலண்ட் குறைகிறது. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர், 98 எல்லாம் நார்மல்தான், பேசாமல் ஓட்டுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— மாதவரம் வாசகர்

பதில்: மூன்றாமவர் சொல்வது புத்தகத்தின்படி சரி, உங்கள் வண்டியைப் பொறுத்தவரை தவறு. பெரிய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி வரையிலான சூட்டில் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. நீண்ட ஏற்றத்தில் சிறிது நேரம் 100ஐ ஒட்டி நின்றாலும் அவற்றுள் பல தாங்கிக்கொள்ளும். ஆகவே 98 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக ஒரே சாலையில் ஒரே மாதிரியான லோடுடன் ஓடிய வண்டி, 84லிருந்து 89க்கும் 90லிருந்து 98க்கும் மாறியிருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம்; பல வண்டிகளில் அது 100ஐத் தாண்டிச் சில டிகிரி சென்ற பிறகுதான் எரியும்.

சமதளத்தில் கூடியிருக்கும் அந்த ஐந்து டிகிரியைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உள்ளே மெழுகு அடைத்த சிறு குப்பி ஒன்று உண்டு. சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். லாரிகளில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை, 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி 95ஐ நெருங்கும்போது முழுவதும் திறந்து நிற்கும். இடைப்பட்ட சூட்டில் அது கால்வாசி, அரைவாசி என்று அளந்து திறந்து, தேவையான அளவு கூலண்டை மட்டும் ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டர் சுத்தமாக இருந்த காலத்தில் சிறிது திறந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். எனவே 84இல் நின்றது. இப்போது அதே வேலைக்கு வால்வு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டியிருக்கிறது. அப்படித் திறப்பதற்கு மெழுகு இன்னும் சூடாக வேண்டும். எனவே 89இல் நிற்கிறது. ரேடியேட்டரின் கையிருப்பு கரைந்துவருகிறது என்பதே இதன் பொருள். சூளகிரி ஏற்றத்தில் அந்தக் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

வால்வு முழுவதும் திறந்துவிட்ட பிறகு, வெளிக்காற்றின் சூடு 10 டிகிரி கூடினால் கூலண்டின் சூடும் ஏறத்தாழ அதே 10 டிகிரி கூடும். இப்போது 32 டிகிரிக் காற்றில் 98 காட்டும் வண்டி, மே மாத வெயில் 40ஐத் தொடும் நாளில் அதே லோடுடன் அதே ஏற்றத்தில் 106ஐக் காட்டும். அன்றைக்குத்தான் ‘திடீரென்று ஹீட் ஆகிவிட்டது’ என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்ததைத் தெர்மோஸ்டாட் மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எண்ணாகக் காட்டும் மீட்டர் உங்களிடம் இருந்ததும், அதை நீங்கள் நினைவில் வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. முள் மட்டும் உள்ள மீட்டர்கள் பலவற்றில் இத்தகைய சிறு மாற்றம் கண்ணில் படுவதே இல்லை.

மீட்டரையே நம்பலாமா என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சென்சார் பொய் சொல்வதாக இருந்தால் மதுரவாயலிலும் பொய் சொல்லியிருக்கும். ஆயினும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட் உறைமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் தொழிற்கூட வகை இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்து அளந்து, டேஷ்போர்டு எண்ணுடன் ஒப்பிடுங்கள். டேப் ஒட்டாமல் பளபளப்பான அலுமினியத்தின்மேல் அளந்தால் எண் குறைவாகக் காட்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அதன் எல்லை காய்ச்சலோடு முடிந்துவிடும்.

இனி, எங்கே ஏறுகிறது என்பதைக் கவனிப்போம். நெரிசலில் ஊர்ந்து செல்லும் எஞ்சின் குறைந்த டீசலையே எரிக்கிறது. எனவே அங்கே வெளியேற்ற வேண்டிய சூடும் குறைவு, பலவீனமான ரேடியேட்டர்கூட சமாளித்துவிடும். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எதிர்காற்றே பெரும்பாலும் போதும். ஃபேன் முழு வேகத்தில் சுற்ற வேண்டிய தேவையில்லை. ஆகவே சமதளத்திலேயே சூடு கூடியிருப்பது ஃபேனைவிட ரேடியேட்டரின்மேல்தான் ஐயத்தைத் திருப்புகிறது. மெதுவான ஏற்றத்தில் எஞ்சின் முழுப் பலத்தையும் கொடுக்கிறது, எதிர்காற்றோ மிகக் குறைவு; அங்கே ஃபேன் இல்லாமல் முடியாது. சமதளத்தில் மாற்றமே இல்லாமல் ஏற்றத்தில் மட்டும் ஏறியிருந்தால் நான் ஃபேனிலிருந்து தொடங்கியிருப்பேன். உங்கள் வண்டிக்கு ரேடியேட்டர் முதலில், ஃபேன் அடுத்து.

ரேடியேட்டரை முன்பக்கமிருந்து பார்த்து ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவது நம் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் பிழை. முன்னால் தெரிவது ரேடியேட்டரே அல்ல, ஏ.சி. உள்ள வண்டியில் முதலில் அதன் கண்டன்சர், அடுத்து எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதன் பின்னால்தான் ரேடியேட்டர். புழுதியும் பூச்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில்தான் கம்பளிபோல் படிகின்றன. கேபினைச் சாய்த்து, ஒரு பக்கம் விளக்கைப் பிடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். ஒளி ஊடுருவாத இடங்கள் அடைபட்ட இடங்கள். சுத்தம் செய்யும்போது காற்றையோ நீரையோ எஞ்சின் பக்கமிருந்து முன்நோக்கிச் செலுத்த வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் அதிவேக நீர்த்துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, வந்த நோயைவிட வைத்தியம் பெரிய நோயாகிவிடும். முடிந்தால் இன்டர்கூலரைக் கழற்றி முன்னால் நகர்த்திவிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, ஆனால் உதிரிபாகச் செலவு இல்லை.

இதற்கும் குறையவில்லை என்றால் ஃபேனைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள பிசுபிசுப்புக் கப்ளிங் சிலிக்கோன் திரவத்தால் இயங்குவது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானதும் அது ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்ற வைக்கும். நல்ல நிலையில் இருந்தால் ஏற்றத்தில் 95ஐ ஒட்டி ஓர் உறுமல் கேட்கும். உங்கள் டிரைவர் நான்கு ஆண்டுகளாகக் கேட்ட அந்த உறுமல் இப்போது வருகிறதா என்று அவரிடம் கேளுங்கள், மெக்கானிக்கைவிட அவருக்கே அது நன்றாகத் தெரியும். எஞ்சின் ஆறிய பின், சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் சிறு எதிர்ப்பு தெரிய வேண்டும். காற்றாடிபோல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, கப்ளிங்கைச் சுற்றி எண்ணெய்க் கோடுகள் தெரிந்தாலோ அது போய்விட்டது. கப்ளிங்கை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இதை ஸ்கேனர் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும்.

தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொன்னவரையும் ஒதுக்கிவிட முடியாது. அது பாதியில் சிக்கி நின்றாலும் இதே அறிகுறி தோன்றும். ஏற்றம் முடிந்ததும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் கொதிநிலையை நெருங்கியிருக்க, கீழ் ஹோஸ் மட்டும் மிகவும் குளிர்ந்திருந்தால் கூலண்ட் போதிய அளவு ஓடவில்லை; தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் உள்குழாய்கள் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை. இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால் கூலண்ட் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுத்துச் செல்லவில்லை. அதாவது வெளி அடைப்பு அல்லது ஃபேன். ரேடியேட்டரின் முகத்தில் சில பட்டைகள் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் உள்ளே உப்பால் அடைபட்டுள்ளன.

எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டுக்கு வருவோம். அது கசிந்தால் சூடு பெரும்பாலும் இப்படி ஒழுங்காக, ஏற்றத்துக்கு ஏற்ப ஏறி இறங்காது. ஏறும், தாறுமாறாக இறங்கும், கூலண்ட் டேங்கிலிருந்து பொங்கி வெளியேறும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களில், கூலண்ட் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் ஐயப்படலாம். டேங்கில் குமிழிகள் வருகின்றன என்பதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். காரில் இல்லாத ஒரு பொருள் லாரியில் உண்டு: பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸர். பல வண்டிகளில் அதன் தலைப்பகுதியும் இதே கூலண்டால்தான் குளிர்கிறது. அங்குள்ள சிறு கேஸ்கெட் கசிந்தாலும் காற்று கூலண்டில் கலந்து குமிழியிடும். ஏர் டேங்க் நிரம்பும் வரை குமிழி வந்து, நிரம்பிக் கம்ப்ரஸர் ஓய்ந்ததும் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். ஒரு சிறு கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலைக்காக ஹெட்டையே இறக்கிய லாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாதம் ஒரு லிட்டர் எங்கே போகிறது என்பதையும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். சூடு ஏறுவதற்கு அது காரணமாகவும் இருக்கலாம், தொடர்பில்லாத வேறு கசிவாகவும் இருக்கலாம். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் காய்ந்த கறை இருக்கிறதா, ஹோஸ் கிளாம்புகளில் வெள்ளைப் படிவு உள்ளதா என்று பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், பி.எஸ். 6 வண்டிகளில் அடுத்த ஐயம், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர்; அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு போய்விடும், கீழே ஒரு சொட்டும் விழாது. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பு வைத்துக் கூலண்டு அமைப்பை அழுத்தத்துக்கு உட்படுத்திச் சோதிப்பது பத்து நிமிட வேலை.

அதே நேரத்தில் கூலண்ட் டேங்கின் மூடியையும் சோதித்துவிடுங்கள். அழுத்தமில்லாத வெறும் நீர் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் 97இலேயே கொதித்துவிடும். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே நீர் சென்னையில் 120 வரை தாங்கும். உங்கள் வண்டி 98ஐத் தொடுவது மிக உயரமான இடத்தில் என்பதால், மூடியும் தளர்ந்து கூலண்டில் தண்ணீரும் மிகுந்திருந்தால் பொங்கி வழிவதற்கு அதிகத் தூரமில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள்.

வேலை முடிந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, சூளகிரி ஆகிய நான்கு இடங்களில் கூலண்டின் சூடு, வெளிவெயில், லோடு மூன்றையும் டிரிப் ஷீட்டின் ஓரத்தில் டிரைவரைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய லாரி; முள் மீட்டர். இரவில் ஹெட்லைட் போட்டால் முள் மேலே ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: இல்லை. விளக்கைப் போட்ட நொடியில் முப்பது நாற்பது லிட்டர் கூலண்ட் சூடாகிவிட முடியாது. மின்சுற்றின் எர்த் கெட்டிருக்கிறது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும் அல்லது மீட்டர் பெட்டியின் எர்த் தளர்ந்திருக்கும். தடித்த கேபிள் ஒன்றால் எஞ்சின் பிளாக்கையும் பேட்டரியின் நெகட்டிவையும் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். முள் ஆடுவது நின்றால் கோளாறு உறுதி. நெய்தல் நிலத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கமான தொல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஏற்றத்தில் மேலே ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று ‘குளிர்’ப் பக்கம் விழுந்தால், கூலண்ட் வடிந்துபோய்ச் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று பொருளாகலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

கேள்வி: மணலியிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர். சென்ற கோடையில் ஹீட் ஆனதால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது 65 டிகிரியைத் தாண்டுவதில்லை, டிரைவருக்கு மகிழ்ச்சி. ஆனால் டீசல் அதிகம் குடிக்கிறது, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃபின் விளக்கும் அடிக்கடி எரிகிறது. தொடர்பு உண்டா?
— மணலி வாசகர்

பதில்: உண்டு. குளிர்ந்த எஞ்சின் நல்ல எஞ்சின் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. நான் இதுவரை வாதாடிப் பெரிதாக வென்றதில்லை. 65இல் ஓடும் எஞ்சினைக் கட்டுப்பாட்டுக் கணினி ‘இன்னும் சூடாகவில்லை’ என்றே எண்ணி, அதற்கேற்ப டீசலைக் கொடுக்கும். சூடு ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாதவரை டி.பி.எஃபில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையைப் பல எஞ்சின்கள் தொடங்குவதே இல்லை. துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டிக்குக் கரி ஏற்கெனவே மிகுதியாகச் சேரும். அதோடு இதுவும் சேர்ந்துவிட்டது. பிஸ்டன் ஓடும் உருளையான லைனரும் பிஸ்டன் ரிங்கும் விரைவாகத் தேய்வதும், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலப்பதும் கண்ணுக்குத் தெரியாத நட்டங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அதன் அடித்தட்டு மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிவரும். எனவே குறைந்த சுமையில் அளவுக்கு மீறிக் குளிரும் இதே டிரெய்லர், முழு லோடுடன் நெடுஞ்சாலைக்குப் போனால் முன்னைவிட மோசமாகச் சூடேறலாம். சென்ற கோடையில் ஏன் ஹீட் ஆனது என்ற கேள்விக்கும் இன்றுவரை விடை கிடைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது, வால்வின் விளிம்பில் பொறித்துள்ள டிகிரி எண் உங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று பாருங்கள்; ‘குளிர்ச்சியாக ஓடும்’ என்று குறைந்த எண் உள்ளதைத் தந்தால் வாங்க வேண்டாம். பொருத்துவதற்கு முன் பாத்திரத்து நீரில் கயிற்றால் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் கொதிக்கவைத்து, எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பொருத்திய பின், காலை ஸ்டார்ட்டில் மேல் ஹோஸ் நெடுநேரம் சூடேறாமல் இருந்து, 80ஐக் கடந்தபின் சட்டென்று சூடானால் எல்லாம் ஒழுங்காக உள்ளது. முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு மூடவில்லை.

கேள்வி: சென்னையில் பனியே விழாதபோது கூலண்ட் எதற்கு? போர்வெல் தண்ணீர் ஊற்றினால் போதாதா?
— செங்குன்றம் வாசகர்

பதில்: போதாது. உறையாமல் காப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்றுதான். துருவைத் தடுப்பதே நமக்கு வேண்டியது. கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்புறத்தை நேரடியாகக் கூலண்ட் தொடுகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் லைனர் அதிர்ந்து, அதன்மேல் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. வெறும் நீரில் இக்குமிழிகள் லைனரை ஊசி குத்தியதுபோல் அரித்துக் கடைசியில் துளையே போட்டுவிடும். கூலண்டில் உள்ள சேர்மானங்கள் லைனர்மேல் காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி அதைத் தடுக்கின்றன.

போர்வெல் நீரின் உப்பு இன்னொரு தொல்லை. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் எஞ்சினின் உள்சுவரிலும் படியும். அது வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகச் சூட்டைக் கடத்துவது. எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்க, கூலண்டின் சூட்டை மட்டும் அளக்கும் மீட்டர் அமைதியாக இருக்கும் நிலையும் இதனால் வரும். காய்ச்சி வடித்த நீரையும் அடர் கூலண்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். அடர் கூலண்டை நீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு. நீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும், அடர் கூலண்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் அந்த அளவு சுமக்காது. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகத் திரிந்துவிடும். வகையை நிறத்தால் அறிய முடியாது, கேனில் அச்சிட்டுள்ள தரக் குறியீட்டைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

பழைய கூலண்டைச் சாலையோரத்தில் திறந்துவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. அது இனிப்பாக இருக்கும். தெருநாய்களும் மாடுகளும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். கேனில் பிடித்து, மூடி, பட்டறையின் கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, கழிவு எடுப்பவரிடம் அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள்.